கினுவுக்கு வந்த மேன்மை

குசகாபே வளர்த்த மாட்டின் இறைச்சி மிக நன்றாக இருந்துவிட்டது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

சுமாராக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மிசுரா மாவட்டத்தில் சுமாரான மாட்டுக்கு நல்ல மரியாதை உண்டு. சுமாராக இருக்கும் என்று மாட்டு மரபு மேன்மைச் சங்கம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். கன்று பிறந்து உடம்பு காய்வதற்குள் சங்கத்து ஆள் வந்து அதன் வால் முடியில் கொஞ்சத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு போவார். அந்த வேரிலிருந்து மரபணுவைப் படித்து, இந்தக் கன்று வளர்ந்து கொழுத்துத் தோலுரிந்து கொக்கியில் தொங்கும் நாளில் அதன் சதைக்குள் வெள்ளைக் கொழுப்பு எவ்வளவு மெல்லிசாக இழையோடியிருக்கும் என்று சங்கம் சொல்லிவிடும். அந்த இழைக்குப் பனித்தூவல் என்று பெயர். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அதற்கு மதிப்பு. குசகாபேயின் கன்றுக்குச் சங்கம் சொன்னது நான்கு.

நான்கு என்றால் நான்கு என்று குசகாபே விட்டுவிட்டார். அறுபது தாண்டியவர்; இரண்டு முழங்காலும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்பவை. சங்கம் சொன்ன எதையும் அவர் இதுவரை எதிர்த்ததில்லை. எதிர்ப்பதற்கு எழுந்து நிற்க வேண்டும்.

சந்தையின் குளிரறையில், விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டித் தொங்கவிட்ட மாடுகளின் வரிசையில் தர அலுவலர் டார்ச் அடித்துக்கொண்டே வந்தார். குசகாபேயின் மாட்டருகே வந்ததும் நின்றார். டார்ச்சை அணைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அடித்தார். வெட்டிய சதை முழுக்க, விடியற்காலையில் புல்வெளியில் பனி விழுந்திருப்பது போல வெள்ளை.

"சங்கம் எவ்வளவு சொல்லிச்சு?"

"நாலுங்க."

"இது பன்னிரண்டு," என்றார் அலுவலர், சாவுச் செய்தி சொல்லும் குரலில்.

"மன்னிச்சிடுங்க," என்று குசகாபே இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பின் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டு மனைவி மிட்சுயோ முள்ளங்கி ஊறுகாய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"நல்ல சேதிதானே? ஏன் இழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி மூஞ்சிய வெச்சிட்டிருக்கீங்க?"

"யாரும் ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லலை, மிட்சுயோ."

"அப்போ ரொம்ப நல்லா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு வாங்கியது கூடக் குற்றமில்லை. தகாகுமோவுக்குப் பிறக்காமல் வாங்கியதுதான் குற்றம்.

தகாகுமோ சங்கத்தின் பொலிகாளை. மிசுராவில் தரையைச் சூடாக்கி வைத்த ஒரே கட்டிடம் அதனுடைய கொட்டகைதான். மாவட்ட மருத்துவமனைக்கு அந்த வசதி அடுத்த திட்டத்தில் வருகிறது. சங்க வாசலில் அதற்கு வெண்கலச் சிலை உண்டு. ஆண்டுதோறும் பிறந்தநாள் விழாவும் உண்டு. மாவட்டத்து மாடுகளில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள், மிச்சம் பேரப்பிள்ளைகள். அந்த மாட்டைப் பெற்ற குசகாபேயின் பசு கினுவும் தாய்வழியில் தகாகுமோவின் பேத்திதான். ஆனால் கினுவின் எண் குறைவு. எண் குறைந்த பசுக்களுக்குத் தகாகுமோவின் விந்தை ஒதுக்க மாட்டார்கள். அதனால் சினை ஊசி போடும் இவாகிரி, பக்கத்து மலையில் எங்கோ வாழ்ந்து செத்துப்போன, யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு காளையின் விந்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறந்ததுதான் இந்தப் பன்னிரண்டு.

அந்த வாரமே சங்கத் தலைவர் தொகுமாரு நேரில் வந்தார். கூடவே மரபணுப் பிரிவின் டாக்டர் மகிஹாரா. அந்த அம்மாள் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனவர் போல இருந்தார். குளிரறையில் மடித்து வைத்திருந்த தோலின் வாலிலிருந்து மறுபடியும் முடி எடுத்துப் பார்த்துவிட்டதாகத் தலைவர் சொன்னார்.

"இந்தத் தடவை மூணுன்னு வந்திருக்கு. முன்னைவிடத் தெளிவா இருக்கு."

"ஆனா இறைச்சி பன்னிரண்டுங்களே, தலைவரே."

"குசகாபே சான்," என்றார் தொகுமாரு, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, ஆனால் குழந்தைக்குச் சொல்வது போல. "இறைச்சி ஒரு நாள் தொங்கும், மறுநாள் தட்டுக்குப் போயிடும். எண் அப்படியில்லை. எண் நிலைச்சு நிக்கும். எதை நம்புறது, சொல்லுங்க?"

குசகாபே தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்கு வலிக்காத ஒரே அசைவு.

"நீங்க என்ன பண்ணீங்க அந்த மாட்டுக்கு?"

"தீனி போட்டேன்."

"வேற?"

"தண்ணி காட்டினேன்."

"மறைக்காதீங்க."

குசகாபே உண்மையாகவே யோசித்தார். மறைப்பதற்கு ஏதாவது கிடைத்தால் உடனே சொல்லிவிடலாம் என்றுதான் யோசித்தார். எதுவும் கிடைக்கவில்லை. எல்லா மாட்டுக்கும் செய்ததைத்தான் இதற்கும் செய்திருந்தார். ஏன் நன்றாக வந்தது என்று அவருக்கும் தெரியாது. அதைச் சொன்னதும் தலைவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

"தெரியாம ஒருத்தர் பன்னிரண்டு வாங்கினா, தெரிஞ்சவங்க நாங்க எதுக்கு இருக்கோம்?"

போகும்போது கொட்டகை வாசலில் நின்று கினுவைப் பார்த்தார். கினு அவருடைய கோட்டுக் கையை நக்கியது. தலைவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "இந்த வசந்தத்துல இவளுக்குப் பட்டமளிப்பு," என்றார்.

மிசுராவில் எண் குறைந்த பசுக்களை அடிமாட்டுக்கு அனுப்புவதில்லை. அவற்றுக்குப் பட்டமளிக்கிறார்கள். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்து வாத்தியக் குழு வாசிக்க, தலைவர் ஒரு சிற்றுரை நிகழ்த்துவார். "நீங்கள் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டீர்கள், இனி சமூகத்துக்குள் செல்லுங்கள்," என்று முடியும் அந்த உரை. பிறகு லாரி வரும். சமூகத்துக்குள் போன பசு எதுவும் திரும்பி வந்ததில்லை.

குசகாபேயிடம் நாலு பசுக்கள் இருந்தன. மற்ற மூன்றும் மாடுகள். கினு அப்படியில்லை. கொம்படியில் சொறிந்துவிடாமல் தீனியில் வாய் வைக்காது. அவர் முழங்கால் வலியோடு வாளியை இறக்கி வைத்து, அதன் விலாவில் சாய்ந்து நின்று மூச்சு வாங்குவார்; அதுவரை அசையாமல் நிற்கும். அவர் நிமிர்ந்த பிறகுதான் காலை மாற்றும். இதற்கெல்லாம் சங்கத்தில் எண் கிடையாது.

"தலைவரே, அவ பெத்த கன்னுதான் பன்னிரண்டு வாங்கியிருக்கு. அவளுக்குப் போய்..."

"அதனாலதான் அவசரம்," என்றார் தொகுமாரு. "மகிஹாரா சான், சொல்லுங்க."

டாக்டர் மகிஹாரா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க கணிப்பு எவ்வளவு துல்லியம்னு தலைநகருக்கு வருஷா வருஷம் காட்டணும். மோசம்னு சொன்ன பசு மோசமான கன்னு போட்டா துல்லியம் ஏறும். இவ இன்னொரு கன்னு இப்படிப் போட்டா இறங்கிடும்."

"ஒரு பசு," என்றார் தலைவர் விரலை நீட்டி. "ஒரே ஒரு பசு தன் இஷ்டத்துக்கு நல்ல கன்னு போட்டு மாவட்டத்தோட பேரையே கெடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

குசகாபே முறையீடு செய்தார். முறையிட உரிமை உண்டு. அதற்கென்று சங்கத்தில் ஒரு குழுவும் உண்டு. தொகுமாருதான் அதற்கும் தலைவர். இறைச்சியைச் சுவைத்துப் பார்த்து முடிவெடுப்பதாகக் குழு அறிவித்தது.

சங்கத்தின் மாடி அறையில் இரும்புக் கல்லைச் சூடாக்கி, அந்த மாட்டின் இறைச்சியை மெல்லிய துண்டுகளாக வாட்டினார்கள். கல்லில் பட்டதும் கொழுப்பு உருகி வந்த வாசனையில் அறை முழுக்கப் பேச்சு நின்றது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வாயில் போட்டுக் கண்ணை மூடினார்கள். ஒருவர் தன் அம்மா பெயரை முணுமுணுத்தார். தலைவர் மூன்றாவது துண்டுக்குப் பிறகு எண்ணிக்கையைப் பொருட்படுத்தவில்லை. கடைசித் துண்டுக்கு அவருடைய சாப்பாட்டுக் குச்சியும் பொருளாளருடைய குச்சியும் ஒரே நேரத்தில் நீண்டன. பதவி முன்னுரிமைப்படி அது தலைவருக்குப் போயிற்று. ஓரமாக முட்டி போட்டு உட்கார்ந்திருந்த குசகாபேக்கு யாரும் தரவில்லை. சம்பந்தப்பட்டவர் சாப்பிட்டால் முடிவு ஒருபக்கமாகிவிடும்.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இதுல ருசி இருக்குங்கிறதைக் குழு மறுக்கலை. ஆனா இந்த ருசி மரபணுவுல இல்லை. இல்லாத ஒண்ணு இறைச்சிக்குள்ள எப்படி வந்துச்சு? மகிஹாரா சான்?"

"மரபணுவால விளக்க முடியாததை நாங்க சூழல்னு எழுதுவோம்," என்றார் டாக்டர் மகிஹாரா களைப்போடு.

"சூழல்!" என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

சூழலைத் தேடி ஆட்கள் வந்தார்கள். கொட்டகையின் காற்றைப் பையில் பிடித்துப் போனார்கள். கிணற்றுத் தண்ணீரையும் வைக்கோலையும் எடுத்துப் போனார்கள். மிட்சுயோ சமையலறையில் கேட்கும் ரேடியோவையும் தூக்கினார்கள். எல்லாம் மாவட்டத்துச் சராசரிதான் என்று முடிவு வந்தது. கடைசியில் மிச்சமிருந்த சூழல் குசகாபேதான். நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டு போர்த்தி, அவருடைய தலைமுடியை வேரோடு பிடுங்கினார்கள்.

"இருக்கிறதே நாலு முடி, அதையும் எடுத்துட்டுப் போறாங்களே," என்றாள் மிட்சுயோ.

எண் வந்தது. குசகாபேக்கு இரண்டு.

"இதுக்குப் போய் ஆராய்ச்சியா? எங்கிட்ட கேட்டிருந்தா கல்யாணமான மறுநாளே சொல்லியிருப்பேன்," என்றாள் அவள். சொல்லிவிட்டு அன்றைக்கு அவருக்கு ஒரு கோப்பை சாக்கே அரிசி மது கூடுதலாகச் சூடு பண்ணி வைத்தாள்.

பனி உருக ஆரம்பித்திருந்தது. ஆற்றங்கரையில் வாத்தியக் குழுப் பிள்ளைகள் பட்டமளிப்புக்கு ஒத்திகை பார்க்கும் சத்தம் கொட்டகை வரை கேட்டது. குசகாபே கினுவின் விலாவில் சாய்ந்து நின்றார். ரிப்பன் அளவெடுக்க ஆள் வந்து போயாகிவிட்டது.

அப்போதுதான் தலைவர் டாக்டர் மகிஹாராவோடு மறுபடியும் வந்தார், முகமெல்லாம் மலர்ச்சியாக.

"கண்டுபிடிச்சாச்சு, குசகாபே சான்! மரபணுவுல கோளாறு இல்லை. சூழல்லயும் ஒண்ணுமில்லை. அப்போ மிச்சம் என்ன? அந்தக் கன்னோட அப்பா தகாகுமோ."

"இல்லீங்களே. இவாகிரி போட்டது வேற..."

"நேத்து நிர்வாகக் குழுவுல ஒருமனதா நிறைவேத்திட்டோம்."

டாக்டர் மகிஹாரா மெல்லக் குறுக்கிட்டார். "சோதிச்சுப் பாத்தா அப்படி வராது, தலைவரே."

"அப்புறம் எதுக்குச் சோதிக்கணும்?" என்று தலைவர் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் குசகாபே பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒத்துக்கிட்டா கன்னு வாங்கின பன்னிரண்டு தகாகுமோவுக்குச் சேரும். அவரோட பெருமையைச் சுமந்தவங்கிற முறையில கினுவோட எண் பதினொண்ணா ஏறும். பதினொண்ணுக்கு யார் பட்டமளிப்பாங்க? பிறந்தநாள் விழாவுல அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிடுங்க, போதும்."

குசகாபே கினுவைப் பார்த்தார். அது தீனித் தொட்டியில் மூக்கை நுழைத்து, அடியில் ஒட்டியிருந்த தவிட்டை நக்கிக்கொண்டிருந்தது. அவர் வாழ்க்கையில் பொய் சொன்னதே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு காளையின் முன்னால் நின்று சொன்னதில்லை.

"சொல்லிடறேன்," என்றார்.

தகாகுமோவின் பிறந்தநாளன்று மாவட்டமே கூடியிருந்தது. சூடான தரையில் கருப்பாக, மலை போலப் படுத்திருந்த காளைக்குப் பூமாலை போட்டிருந்தார்கள். தலைவர் பேசினார்.

"தகாகுமோ இல்லாமல் மிசுரா இல்லை. அவர் செய்ததெல்லாம் அவருடைய பெருமை. அவர் செய்யாததும் அவருடைய பெருமையே! இந்தச் சங்கம் ஒரு நாளும் தவறாகக் கணித்ததில்லை. தவறியவை மாடுகள்தான். அவற்றைத் திருத்தும் பொறுப்பிலிருந்து நாங்கள் பின்வாங்க மாட்டோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் குசகாபேயைக் காளையின் முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர் முட்டி போட்டார். காளையின் கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. முன்னங்கால் மூட்டுகள் வீங்கியிருந்தன. தன்னுடைய முழங்காலைப் போலவே இருக்கிறதே என்று குசகாபேக்குத் தோன்றியது.

"உங்களாலதான் எல்லாம். ரொம்ப நன்றிங்க," என்றார்.

காளை பெருமூச்சு விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அவருக்கே சங்கடமா இருக்கு, பாருங்க," என்று பின்னாலிருந்து இவாகிரி காதில் சொன்னார். "அந்தப் பக்கமே அவர் போனதில்லையே."

"சும்மா இரு, இவாகிரி. சிரிச்சுடப் போறேன்," என்றார் குசகாபே. ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கினுவுக்குப் பட்டமளிப்பு ரத்தானது. குசகாபே அன்று நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் காலை லாரி வந்து நின்றது.

"ரத்துன்னு சொன்னீங்களே!" கையில் வாளியோடு ஓடி வந்தார்.

லாரியிலிருந்து இறங்கிய தலைவர் வணங்கினார். "வாழ்த்துகள். பதினொண்ணு எண்ணுள்ள பசு மாவட்டத்தோட சொத்து. ஒழுகுற கொட்டகையில வைக்க விதியில இடமில்லை. அதுவும் ரெண்டு எண்ணுள்ள ஆள் பராமரிப்புல." கொஞ்சம் தயங்கி, "மனசுல வெச்சுக்காதீங்க," என்றும் சொன்னார்.

கினு லாரியில் ஏற மறுத்தது. குசகாபேதான் கொம்படியில் சொறிந்து ஏற்றிவிட வேண்டியிருந்தது. வேறு யார் சொறிந்தாலும் அது ஏறாது. வாசலில் நின்று பார்த்த மிட்சுயோ உள்ளே போனாள்.

சங்கத்தில் கினு தீனியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் குசகாபேக்கு ஆள் வந்தது. அன்றிலிருந்து அவர் தினமும் பேருந்தில் போய், சட்டையில் 'பார்வையாளர்' அட்டையைக் குத்திக்கொண்டு, தன் பசுவுக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பினார்.

கினு சினைப்பருவத்துக்கு வந்ததும் தகாகுமோவின் விந்தைப் போடச் சொல்லி இவாகிரிக்கு உத்தரவு வந்தது. இவாகிரி கையுறையைக் கழற்றிவிட்டார்.

"தலைவரே, இவ அவரோட பேத்தி. தாத்தாவுக்கே பேத்தியையா?"

"அவர்கிட்ட மேன்மை இருக்கு. இவகிட்டயும் இருக்கு. ரெண்டும் சேந்தா என்ன வரும்?" என்று கேட்டு, தலைவரே பதிலும் சொன்னார்: "இரட்டை மேன்மை!"

"ரத்தம் ரொம்ப நெருங்கினா கன்னு நிக்காதுங்க."

"நிக்கிறது நம்ம மதிப்பீட்டுல இல்லை, இவாகிரி சான்."

இவாகிரி குசகாபேயைப் பார்த்தார். குசகாபே கினுவின் முதுகில் கை வைத்துத் தலை குனிந்து நின்றார். முடியாது என்று சொல்ல அவர் யார்? பார்வையாளர். இவாகிரி மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டார்.

குளிர்காலத்தில் கினு ஈன்றது. சிரமப்பட்டுத்தான் ஈன்றது, குசகாபேயும் இவாகிரியும் கயிறு போட்டு இழுத்தார்கள். வந்து விழுந்தது மெலிந்த ஒரு கிடேரிக்கன்று. மூச்சு இருந்தது, கால்கள்தான் துணியாகக் கிடந்தன. உடம்பு காய்வதற்குள் சங்கத்து ஆள் வால் முடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

எண் வந்த அன்று பத்திரிகைக்காரர்களோடு தலைவர் கொட்டகைக்குள் நுழைந்தார். பன்னிரண்டுக்கு மேல் மதிப்பே இல்லாததால் பதின்மூன்று என்று புதிதாக ஒன்றை நிர்வாகக் குழு ஏற்படுத்தியிருந்தது. பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாத்தியக் குழு வாசித்தது. வைக்கோலில் மண்டியிட்டிருந்த குசகாபே கன்றின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து அதைத் தாய் மடிக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். கினு திரும்பித் திரும்பி, ஒரு முறை கன்றையும் ஒரு முறை அவர் காதையும் நக்கியது.

"பெரியவரே, கொஞ்சம் விலகுங்க. படத்துல நீங்களும் விழறீங்க," என்றார் படம் பிடிப்பவர்.

"நான் விலகினா இது விழுந்துடும்."

"ஒரே நிமிஷம்."

"அரை நிமிஷம்கூட நிக்காதுங்க."

படம் பிடிப்பவர் தலைவரைப் பார்த்தார். "எடுங்க, எடுங்க," என்றார் தலைவர். "அவரை அப்புறம் எடுத்துடலாம்."

மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வந்தது. 'சொந்தக் காலில் நிற்கும் இரட்டை மேன்மை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். குசகாபே இருந்த இடத்தில் வெறும் வைக்கோல். முகம், தோள், முட்டி எல்லாவற்றையும் சுத்தமாக நீக்கியிருந்தார்கள். கன்றின் வயிற்றோரம் மட்டும், நகத்தில் சாணி படிந்த ஒரு கை மணிக்கட்டு வரை மிச்சமிருந்தது.

மிட்சுயோ மிசோ சூப்பைக் கீழே வைத்துவிட்டுப் பத்திரிகையைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இது உங்க கைதானே?"

"ஆமா."

"மொத்தத்தையும் எடுத்தவங்க இதை மட்டும் ஏன் விட்டு வெச்சாங்க?"

குசகாபே மிச்சச் சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"அதையும் எடுத்தா கன்னு விழுந்துடும்ல," என்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பேருந்துக்குக் கிளம்பினார். கன்றுக்குப் பால் குடிக்கும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது.